ஏழு நாள் பேசாதிருந்தவர்கள்

எங்கள் ஆனைக்குட்டத்தில் அணைக்கரை மேல் ஏறினால்தான் என் போனில் பாடம் நிற்காமல் ஓடும். பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையின் வேன் இறக்கிவிட்டதும் சோற்றை வடித்துவிட்டு, வெளிச்சம் போவதற்குள் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்காருவேன். 39 வயதில் இணையவழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். முதல் தாளே உலகின் ஆதி இலக்கியம். 17 வயதிலிருந்து திரி சொருகுகிற எனக்கு, களிமண் பலகையில் எழுதின கதை ஒன்று என் வீட்டுச் சாவைச் சொல்லும் என்று தெரியாது.

கில்காமெஷ் ஊருக் நகரத்து ராஜா. அவன் கூட்டாளி என்கிடு நோயில் விழுந்து சாகிறான். கில்காமெஷ் உடம்பைக் கொடுக்க மறுக்கிறான். ஆறு பகல் ஏழு இரவு பக்கத்திலேயே இருந்து அழுகிறான். மூக்கிலிருந்து புழு விழுந்த பிறகுதான் புதைக்கச் சம்மதிக்கிறான். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன்.

எங்கள் மதினி ஆறு வருடத்துக்கு முன்னால் பட்டாசு ஆலையின் மணி மருந்து அறை வெடித்து இறந்தாள். நான் இரண்டு அறை தள்ளி இருந்தேன். சாயந்தரம் வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டி வந்தது. முகத்தைத் திறக்க வேண்டாம் என்றார்கள். பொழுது சாயுமுன் எரித்துவிட்டோம். ராஜாவுக்கு ஏழு இரவு கிடைத்தது. என் அண்ணனுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

கில்காமெஷ் கதையின் பிரளயப் பகுதியை 1872இல் படித்துச் சொன்னவர் ஜார்ஜ் ஸ்மித். லண்டனில் பண நோட்டுக்கு அச்சுத் தகடு செதுக்கும் வேலை பழகப் போனவர். 14 வயதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ப் போய்த்தான் ஆப்பு எழுத்தைக் கற்றுக்கொண்டார். சிவகாசி அச்சாபீசுகளில் காலண்டர் அடுக்குகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அவர் ஞாபகம் வருகிறது. அலெப்போவில் 36 வயதில் இறந்துபோனார்.

மதினியின் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "அவ விதி." "அன்னைக்கு அவளுக்குன்னு எழுதியிருக்கு." ஒரு பெரியம்மா, போன ஜென்மத்தில் என்ன செய்தாளோ என்று சொல்லிவிட்டு அழுதாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வேறு சொல் கிடைக்காமல் சொன்னார்கள். அன்று நானும் தலையை ஆட்டினேன்.

பிறகு பைபிளின் யோபு பாடம் வந்தது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உடம்பெல்லாம் புண்ணோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். அவன் துக்கம் எவ்வளவு பெரியது என்று கண்டு, ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்ததும், நீ பாவம் செய்யாமல் இது வராது என்கிறார்கள். கடவுள் கடைசியில் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். ஏன் இப்படி என்ற கேள்விக்கு அங்கேயும் நேரான பதில் இல்லை. ஆனால் தம் பக்கம் வாதாடிய அந்த மூன்று பேரும் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபிக்கிறார். கடவுளுக்காகப் பொய் வழக்காடினால் கடவுளே ஏற்பதில்லை என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

நம் மணிமேகலையிலும் ஒரு தாய் இருக்கிறாள். சக்கரவாளக் கோட்டத்தில் பேயைக் கண்ட பயத்தில் மகன் சார்ங்கலன் இறந்துபோகிறான். கோதமை அவனைத் தூக்கிக்கொண்டு சம்பாபதி தெய்வத்தின் முன்னால் நிற்கிறாள், என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைத் தா என்று. ஊழ்வினை என்கிறது தெய்வம். கோதமை ஒப்பவில்லை. அதற்காக அந்தத் தெய்வம் அவளை அதட்டவில்லை. உலகத்துத் தேவர்கள் எல்லாரையும் அவள் முன்னால் வரவழைத்து, நீயே கேள் என்று நிறுத்துகிறது. சாத்தனாரின் ஊழை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அவர் காவியத்தில் ஒரு தாய் கேட்டால் வானமே இறங்கி வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் முற்றத்தில் அண்ணனைக் கேட்கவே விடவில்லை.

கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்து ஈரம் கோத்தால் தானாகச் சூடேறும். எங்கள் பக்கத்தில் திரி பிடிக்கிற யாருக்கும் இது தெரியும். அன்று முந்தின நாள் மருந்தைத்தான் எடுத்தார்கள். தீபாவளி ஆர்டர். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் அதற்குமேல் ஆட்கள். இதில் எந்த இடத்தில் விதி எழுதினது?

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை, முதல் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலையிலும் அப்படி வெடித்தது. அத்தனை பேருக்கும் ஒரே மத்தியானத்தில் முடியும்படி ஒரே வினையா?

சாவு எல்லாருக்கும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கில்காமெஷ் சாகாவரம் தேடி உலகத்தின் விளிம்புவரை போகிறான். அங்கே கள் விற்கும் சிதுரி சொல்லும் புத்தி சுமார் 3,700 வருடப் பழைய பலகையில் இருக்கிறது. தேவர்கள் மனிதருக்குச் சாவைத்தான் வைத்தார்கள், நீ வயிறாரச் சாப்பிடு, துவைத்த துணி கட்டு, கையைப் பிடிக்கிற பிள்ளையைப் பார். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியாரும் ஏறக்குறைய இங்கேதான் வந்து சேர்கிறார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று திட்டிவிட்டு, இனியதைத் தேடிக்கொள்ளச் சொல்கிறார். படைத்தவனையே திட்டின பாட்டை நம் முன்னோர் கழித்துவிடாமல் தொகையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் வயிறாரச் சாப்பிட்டு, துவைத்த சேலை கட்டி, பிள்ளைக்குத் தலை சீவிவிட்டுத்தான் மதினி அன்று வேனில் ஏறினாள். சிதுரி சொன்னதெல்லாம் அவளிடம் இருந்தது. என்றோ வர வேண்டிய சாவு அது இல்லை. தேவர்கள் வைத்த சாவையும் மனிதர்கள் வைத்த சாவையும் ஒரே சொல்லால் மூடக்கூடாது என்றுதான் என் அசைன்மென்டில் எழுதினேன்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் போய்விட்டார், வேறொரு பயர் ஆபீசில். மூன்று நாளும் வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காடாற்றிவிட்டு ஆம்பளைகள் திரும்பின பிறகு, அவளாகவே என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ரூம்புல எத்தன பேரு இருந்தாங்கக்கா?"

"ஏழு பேரு."

"எத்தன பேரு இருக்கணும்?"

"நாலு," என்றேன்.