படைப்பும் கூர்ப்பும்: சைவர் அஞ்ச வேண்டுமா?

எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருளை முன்னிட்டு, சைவப் பெற்றோர் பலர் இன்று எதிர்நோக்கும் வினாவொன்று இங்கு ஆராயப்படுகின்றது. வெள்ளிக்கிழமை மாலை ஆலயத்தில் தேவாரம் பாடும் பிள்ளை, மறுநாள் உயர்தர உயிரியல் வகுப்பில் கூர்ப்புக் கொள்கையைப் படிக்கின்றது. வீட்டுக்கு வந்து, "உலகத்தைக் கடவுள் படைத்தாரா, அல்லது உயிரினங்கள் தாமாகவே கூர்ப்படைந்து வந்தனவா?" என்று கேட்கின்றது. "சாமி விஷயத்தில் குதர்க்கம் பேசாதே" என்று அதட்டுவோர் உண்டு. "சோதனைக்கு மட்டும் எழுது, நம்பாதே" என்போரும் உளர். முதலாவது விடை பிள்ளையின் வாயை அடைக்கின்றது. இரண்டாவது விடை பிள்ளைக்குப் பொய்யைப் பழக்குகின்றது. இரண்டினாலும் சமயத்துக்கு ஆவது ஒன்றுமில்லை.

முதலில் கூர்ப்புக் கொள்கை கூறுவது யாது என்று அறிதல் வேண்டும். தம்புள்ளைப் பகுதி விவசாயி அடுத்த போகத்துக்கு விதை எடுக்கும்போது நல்ல காய்களையே தெரிந்து வைக்கின்றார். பல தலைமுறை இவ்வாறு தெரிந்தால் பயிரின் தன்மையே மாறிவிடுகின்றது. இத்தகைய தெரிவு மனிதன் கை படாமலே இயற்கையிலும் நடைபெறுகின்றது என்பதே சார்ள்ஸ் டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் சாரம். ஓர் இனத்தில் பிறக்கும் உயிர்கள் சிறு சிறு வேறுபாடுகளுடன் பிறக்கின்றன. சூழலுக்கு ஏற்ற வேறுபாடு உடையவை பிழைத்து இனம் பெருக்குகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் புதிய இனங்கள் தோன்றுகின்றன. மலையடிவாரத்தில் திரியும் குரங்கு மனிதனாக மாறியது என்று இக்கொள்கை கூறவில்லை. குரங்குக்கும் மனிதனுக்கும் மிகப் பழைய காலத்தில் பொது மூதாதை இருந்தது என்பதே கூற்று. மனிதனுக்கு மிக நெருங்கிய இனமான சிம்பன்சியின் வழி, சுமார் 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்பர்.

இதற்கும் சமயத்துக்கும் சண்டை மூண்டது மேல்நாட்டிலே ஆகும். விவிலியத்தில் உள்ள வம்சவரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் கணித்தார். அத்தகைய கணக்கை எழுத்துக்கு எழுத்து நம்பியோருக்குப் பாறைகளின் வயது பெரும் இடியாக விழுந்தது. அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் கூர்ப்பைக் கற்பித்த குற்றத்துக்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 1925இல் 100 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அச்சட்டம் 1967இலேயே நீக்கப்பட்டது. ஆயினும் கிறிஸ்தவர் எல்லோரும் இக்கொள்கையை மறுப்பவர் அல்லர். கூர்ப்பு வெறும் ஊகத்துக்கு மேலானது என்று 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கூறியமை ஈண்டு நோக்கற்பாலது.

சைவசித்தாந்தம் படைப்பை வேறு விதமாக நோக்குகின்றது. இல்லாத ஒன்று தோன்றாது, உள்ளது முற்றாக அழியாது என்பது சற்காரியவாதம். மெய்கண்ட தேவர் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்று நிறுவுகின்றது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். ஆகவே ஆறு நாளில் ஒன்றுமில்லாததிலிருந்து உலகை ஆக்கினான் என்ற கட்டாயம் சைவனுக்கு இல்லை. மண் எவ்வளவு காலம் எவ்வழியாகத் திரிந்து குடமாயிற்று என்பதை விஞ்ஞானி ஆராயட்டும். அதனால் குயவனுக்குக் குறைவு வந்துவிடாது.

இவ்விடத்தில் தம்புள்ளை மக்கள் நினைவுகூர வேண்டிய சம்பவம் ஒன்றுண்டு. மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். கண்டி, மாத்தளை வழியாகக் குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளையைக் கடந்து சில மைல் தூரத்தில், ஓர் இறக்கத்தில் வண்டியின் முன்சக்கரம் உடைந்து மூன்று மணிநேரம் வீதியில் தங்க நேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்திருந்த அவரது இராஜயோக நூலில், கூர்ப்பைப் பற்றிய அரிய விளக்கம் ஒன்று உண்டு. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் காட்டும் உவமை அது. குளத்து நீர் வாய்க்காலில் நிறைந்து நிற்கின்றது. விவசாயி அதைச் சுமந்து வந்து வயலில் ஊற்றுவதில்லை. மடையைத் திறந்துவிடுகிறான், நீர் தானே பாய்கின்றது. அவ்வாறே உயிருக்குள் நிறைவு ஏற்கனவே உண்டு, தடை நீங்குந்தோறும் அது வெளிப்படுகின்றது என்பார் சுவாமிகள். குளத்தையும் வாய்க்காலையும் நம்பி வாழும் இப்பகுதி மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. இன்றைய உயிரியலாளர் சுவாமிகளின் இவ்விளக்கத்தை விஞ்ஞானமாக ஏற்பதில்லை. கூர்ப்புக்கு முன்கூட்டிய நோக்கம் எதுவும் இல்லை, உள்ளே நிறைவு மறைந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது அவர்கள் கொள்கை. சைவமோ, உடலும் உலகமும் ஆன்மா பக்குவமடையும் பொருட்டே தரப்பட்டன என்கின்றது. இது நுணுக்குக்காட்டியில் தெரியும் பொருள் அன்று. ஆய்வுகூடம் இதை நிறுவவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது. இது நம்பிக்கை, அனுபவத்தால் தெளிய வேண்டியது. பிள்ளைக்கும் அவ்வாறே சொல்லுதல் நேர்மையாகும்.

அண்மைக்காலத்தில் இந்துக்களிடையே இரு தவறுகள் காணப்படுகின்றன. ஒன்று மறுப்பு. 2018இல் இந்திய மத்திய இராஜாங்க அமைச்சர் சத்யபால் சிங், டார்வினின் கொள்கை விஞ்ஞான ரீதியில் தவறு என்றும், குரங்கு மனிதனாக மாறியதை எவரும் கண்டதில்லை என்றும் பேசினார். இந்தியாவின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் கூட்டாக அதை மறுத்தன. பின்னர் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து கூர்ப்புப் பகுதி நீக்கப்பட்டபோது, 2023இல் 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் ஒப்பமிட்டனர்.

மற்றையது, "எல்லாம் எங்கள் நூலில் அன்றே உண்டு" என்னும் பெருமை. மச்சம், கூர்மம், வராகம் என வரும் தசாவதாரமே கூர்ப்பு என்பர். மாணிக்கவாசக சுவாமிகள் சிவபுராணத்தில் புல் முதலாகப் பல பிறவி எடுத்தமையைப் பாடியதையும் சான்று காட்டுவர். ஆனால் அவதாரம் இறைவன் இறங்கி வருதலைக் கூறுவது. சிவபுராணம் ஓர் உயிர் பல உடல் எடுத்து அலைவதைக் கூறுவது. ஓர் இனம் வேறோர் இனமாதலை இவை கூற வரவில்லை. பிரமாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. இவ்வொற்றுமை வியப்புக்குரியது, ஆனால் அது நிரூபணம் அன்று. நாளை விஞ்ஞானம் ஒரு கணக்கைத் திருத்தினால், அதன்மேல் கட்டிய பக்தியும் ஆட்டங்காணும்.

சைவ மரபு காட்டும் வழி இதுவன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில், கடவுளே இல்லை என்னும் உலகாயதன் உட்படப் பிற மதத்தார் கொள்கைகளை முதலில் முறையாக எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றார். எதிராளியின் கொள்கையை அறியாது மறுத்தல் சித்தாந்திக்கு அழகன்று. சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞான ஆசிரியராக இருந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்ற பின்னரே 1924இல் துறவு பூண்டார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி முதலில் புவியியலாளர். அவர் 1904இல் இலங்கையில் இனங்கண்ட தோரியனைற் என்னும் கனிப்பொருளில் உண்டாகும் ஹீலிய வாயுவை அளந்தே, 1910இல் ஸ்ட்ரட் என்ற ஆங்கில விஞ்ஞானி அதன் வயதைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் என மதிப்பிட்டார். பாறையின் தொன்மையை நன்கறிந்த அதே குமாரசுவாமிதான் நடராஜப் பெருமானின் ஐந்தொழில் நடனத்தை உலகுக்கு விளக்கியவர். கல்லைப் படித்ததனால் அவர் கடவுளை இழந்துவிடவில்லை.

விலங்கோடு உறவு என்றால் மனிதனுக்கு ஒழுக்கம் எதற்கு என்று சிலர் அஞ்சுவர். ஆஞ்சநேயரைக் கைகூப்பி வணங்கும் மக்களுக்கு வானர உறவு இழிவாகத் தோன்ற நியாயமில்லை. உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. வலியதே வாழும் என்பதை மனித நீதியாகக் கொண்டு, ஓர் இனம் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று வாதிட்டோர் ஐரோப்பாவில் பெருங்கொடுமை புரிந்தனர். கல்கத்தா மிருகக்காட்சிசாலையில் அதன் மேலதிகாரியுடன் இக்கொள்கை பற்றி உரையாடிய விவேகானந்தர், போட்டி விலங்குக்குரிய வழி, மனிதன் உயர்வது தியாகத்தினால் என்னும் கருத்தைக் கூறினார். மனித இனம் முழுவதும் ஆபிரிக்காவிலிருந்து பரவிய ஒரே குடும்பம் என்பதே இன்றைய விஞ்ஞானத்தின் முடிவு. இத்தீவின் பாகியன்கல குகையில் வாழ்ந்தோரின் தடயங்கள் சுமார் 45,000 ஆண்டுப் பழைமை உடையவை. அன்று சாதியும் இல்லை, மொழிச் சண்டையும் இல்லை. இதை ஏற்றுக்கொண்ட பின்னும் ஆலய வீதியில் ஒருவரைத் தாழ்ந்தவர் என ஒதுக்குபவர், விஞ்ஞானத்துக்கும் சிவநெறிக்கும் ஒருங்கே மாறானவர் ஆவார்.

ஆகவே பிள்ளை கேட்கும்போது பெற்றோர் அஞ்சாது விடை கூறலாம். உடல் வந்த வழியை ஆசிரியரிடம் நன்றாகக் கற்றுக்கொள், அந்த உடலைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கோயிலில் கற்றுக்கொள் என்று சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் பக்தியே ஆகும். உண்மையைக் கண்டு ஒளிய வேண்டிய நிலையில் இறைவன் இல்லை. அவன் அடியாரும் அவ்வாறு ஒளியாதிருக்கத் திருவருள் துணைபுரிவதாக.

சுபம்.