யார் கணக்கில்?

"எல்லாரும் ஒரே குடும்பம் சார்" என்று ஒரு ஹோட்டல் முதலாளி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே உள்ளே ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்து உடைந்தது. எத்தனையோ வருஷங்களாகியும் அந்த இரண்டு சப்தங்களையும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஹோட்டல் பெயரும் வேண்டாம். நல்ல காபி, சுத்தமான இடம். முதலாளியும் கெட்டவரல்லர். சிப்பந்திகள் சாப்பிடும் சாப்பாட்டைத்தான் தாமும் சாப்பிடுவதாகச் சொன்னார்; அது உண்மைதான். தம்ளர் உடைந்ததும் அவர் கோபிக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த நோட்டை எடுத்தார். மேஜை துடைக்கும் பையனின் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். எழுதி முடித்து, விட்ட இடத்திலிருந்து குடும்பப் பேச்சைத் தொடர்ந்தார். பையன் விரலை வாயில் வைத்துக்கொண்டு சில்லுகளைப் பொறுக்கினான். நான் காபியைக் குடித்துவிட்டுப் பணம் கொடுத்தேன். வந்துவிட்டேன்.

அந்த மனிதர் பொய் சொன்னாரா? இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருடைய மனத்தில் அன்பு இருந்தது, நோட்டில் இல்லை. அன்பு நோட்டிலும் ஏறத்தான் வேண்டுமா, மனத்தில் இருந்தால் போதாதா என்பதுதான் என்னை அரித்த கேள்வி.

அதற்கு ஒரு பாதி விடை திருவனந்தபுரத்தில் கிடைத்தது. தம்பானூர் பஸ் நிலையத்துக்கு அருகில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. லாரி பேக்கர் கட்டிய கட்டடம், மாடிப்படியே கிடையாது. சுருள் சுருளாகத் தரையே மேலே ஏறிக்கொண்டு போகும். ஓரமாகக் கட்டப்பட்ட மேஜைகளில் நாம் உட்கார, வெள்ளுடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையுமாகச் சர்வர்கள் அந்தச் சரிவில் தட்டேந்தி ஏறி இறங்குகிறார்கள். பார்ப்பதற்கு ராஜா காலத்துச் சேவகர் வேஷம். உண்மையில் கடையே அவர்களுடையது!

அந்தக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். காபி போர்டு நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950களில் மூட முடிவு செய்தார்கள். வேலை போனவர்களைப் பார்த்து ஏ.கே. கோபாலன், கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்றார். 1957இல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு டில்லியிலும், 1958இல் திருச்சூரிலும் அவர்களுடைய கடைகள் திறந்தன. நேற்று வரை எச்சில் கோப்பை எடுத்தவன் இன்று பங்குதாரன். "பல பேர் கூடினால் பாம்பு சாகாது" என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் காபி ஆறவில்லை.

என் மேஜைக்கு வந்த பெரியவர், தாம் க்ளீனராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்ததைச் சொன்னார். எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. "இங்கே ஒரு கோப்பை உடைந்தால் யார் கணக்கில் எழுதுவீர்கள்?" என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. "எல்லார் கணக்கிலும்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அவர் குடும்பம் என்ற வார்த்தையையே சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்படியானால் பங்கு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து முதலாளியாகி, ஐந்தாவது ஆளைத் தினக் கூலிக்கு வைத்தால் அவனுக்கு நாலு முதலாளிகள், அவ்வளவுதான் வித்தியாசம். கேரளத்துக் காபி ஹவுஸ்களிலேகூடப் பல பத்தாண்டுகள் பெண் சிப்பந்திகள் இல்லை. 'நாம்' என்று ஒரு வட்டம் போட்ட மாத்திரத்தில் அதற்கு வெளியே யாரோ நிற்கத்தான் செய்கிறார்கள். வட்டம் போடுவது தவறில்லை. வெளியே நிற்பது யார் என்று திரும்பிப் பார்க்காமலிருப்பதுதான் தவறு.

இவ்வளவும் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது சமையலறையில் ஏதோ உடைந்தது. ஊருக்கு உபதேசம் எழுதுகிறவனைச் சோதிக்கவென்றே சில பீங்கான்கள் விழுகின்றன போலும்! போன மாதம் என் மகள் ஒரு கோப்பையை உடைத்தபோது, "கையில் பட்டுவிட்டதா அம்மா?" என்று கேட்டுக்கொண்டு ஓடினேன். இன்று உள்ளே இருப்பவள், பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். "எங்கள் வீட்டு மனுஷி மாதிரி" என்று எத்தனையோ பேரிடம் அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் வாயில் முதலில் வந்த வார்த்தை, "எது உடைந்தது?" என்பதுதான்.

அந்த முதலாளியிடம் ஒரு நோட்டாவது இருந்தது. என்ன எழுதினார் என்று பையனுக்குத் தெரியும். என் நோட்டு எனக்கே தெரியாமல் இத்தனை நாள் என்னுள் இருந்திருக்கிறது. எழுந்து உள்ளே போனேன். கொஞ்சம் தாமதமாகத்தான். "கையைக் காட்டு தாயே" என்றேன்.