கூண்டில் இரண்டாவது கிளி

நண்பர் ஒருவரின் இல்லத்தில் சிறுகிளி ஒன்று கூண்டில் வாழ்கிறது. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜரிகர் இனத்தைச் சேர்ந்தது. அதன் துணை இறந்துவிடவே, குரல் எழுப்பாமல் ஒடுங்கிக் கிடந்தது. "பாவம் தாத்தா, இன்னொன்று வாங்கித் தாருங்கள்" என்று பேத்தி வேண்டினாள். நண்பர் என்னிடம் கேட்டார்: "வாங்கினால் ஓர் உயிரைச் சிறையிடுகிறேன், வாங்காவிட்டால் ஓர் உயிரை வாடவிடுகிறேன். இல்லறத்தான் செய்யத்தக்கது யாது?"

சிறுவினாவாகத் தோன்றினும் இது நம் அறத்தின் வேரைத் தொடுவது. கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கொலைக்கு முன்னரே கட்டுதல் குற்றமாக எண்ணப்படுகிறது. சிறகைக் கத்தரிப்பதும் உறுப்பறுத்தலுக்கு வெகுதொலைவில் இல்லை. சீவகனின் முற்பிறப்பு வரலாற்றை நாம் அறிவோம். விளையாட்டாக அன்னக்குஞ்சு ஒன்றைச் சுற்றத்தினின்றும் பிரித்து வளர்த்த அரசகுமாரன், தந்தையின் அறவுரை கேட்டு அதனை விடுவித்தான்; எனினும் மறுபிறப்பில் தன் சுற்றத்தைப் பிரிந்து வாழ நேர்ந்தது. அவன் அக்குஞ்சை வெறுக்கவில்லை. பாலூட்டி, அன்புடனேயே வளர்த்தான். அன்பு இருந்தும் வினை விடவில்லை என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

அவ்வாறாயின் கூண்டைத் திறந்துவிடலாமே எனலாம். தில்லி செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் இயங்கும், 1929இல் தொடங்கப்பெற்ற சமணப் பறவை மருத்துவமனையில், நலம்பெற்ற பறவைகளை வானில் விடுகின்றனர். அவை இந்நாட்டுப் பறவைகள். பட்ஜரிகரோ ஆஸ்திரேலியாவுக்கு உரியது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்வது; இரை தேடவும் காகத்துக்கும் பருந்துக்கும் தப்பவும் அறியாதது. அதை வெளியே விடுவது விடுதலையன்று, கைவிடுதல். நம் நாட்டுப் பச்சைக்கிளியின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதனை வீட்டில் வளர்ப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

தனிமையும் ஓர் இம்சையே. இயற்கையில் பெருங்கூட்டமாக வாழும் பறவைக்கு மனிதர் பேச்சு முழுத் துணையாகாது. ஆயினும் கடையில் ஒன்றை வாங்கினால், அவ்விடத்தை நிரப்ப இன்னொரு குஞ்சு கூண்டில் பிறக்கும். ஒன்று இறக்க மற்றொன்று வாங்குவதெனத் தொடங்கினால் அச்சங்கிலிக்கு முடிவேது? எனவே நண்பரிடம் கூறினேன்: "புதிதாக ஓர் உயிரைக் கட்டுக்குள் கொணர வேண்டாம். ஏற்கெனவே கட்டுண்டு, ஆதரவிழந்த ஒன்றைத் தேடுங்கள்."

அவ்வாறே, ஊர் மாறிச் சென்ற ஒரு குடும்பத்தாரிடமிருந்து ஒரு கிளி கிடைத்தது. அதனைப் பழையதனுடன் சேர்த்ததிலும் யத்னாசாரம் வேண்டியிருந்தது. முதல் முப்பது நாள் வேறு அறையில், தனிக் கிண்ணங்களுடன் வைத்தனர். பறவைகள் நோயை மறைக்கும் இயல்பின, எச்சத்தின் தூசியால் மனிதருக்கும் பரவும் நோயும் உண்டு. பின்னர் கம்பிவழியே கால்விரலைக் கொத்தாதபடி இடைவெளிவிட்டு, இரு கூண்டுகளையும் ஒரே அறையில் வைத்தனர். அதன்பின், இரண்டுக்கும் உரிமையில்லாத பொதுவிடத்தில் சிறிதுநேரம் கண்காணிப்புடன் பழகவிட்டனர். உணவும் உரையாடலும் பழையதற்கே முதலில். பேத்தி அவசரப்பட்டபோது நண்பர், "அவற்றின் விருப்பத்துக்கு நாம் காத்திருப்போம் அம்மா" என்றார்.

இரண்டும் இன்னும் ஒரே கூண்டில் வாழவில்லை. வாழ்ந்தே தீரவேண்டும் என்று வற்புறுத்துவதும் நம் ஆசையே. ஆயினும் காலையில் ஒன்று அழைக்க மற்றொன்று மறுமொழி தருகிறது. இவற்றுக்குப்பின் தம் இல்லத்தில் கூண்டே தொங்காது என நண்பர் உறுதி பூண்டுள்ளார். அதுவரை நாள்தோறும் தம் நேரத்தை அவற்றுக்கு அளிக்கிறார். முன்னர் அறியாது செய்த வினைக்குக் கைம்மாறு, மற்றோர் உயிரைக் கொடுத்துச் செலுத்துவதன்று. நம்மையே கொடுத்துச் செலுத்துவது. இதனை நம் இல்லங்கள்தோறும் சிந்திப்போமாக.