தேய்த்த கொட்டை

மாசி, பங்குனியில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வந்தால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டுகிற சத்தம் கேட்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொட்டையும் வீண் போகாது. வியாபாரி மூட்டையாக வாங்கிப் போவார். அதை அரைத்த மாவு ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போட ஆகும்.

போன வருஷம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வியாபாரி வருவதாகச் சொன்னார்கள். சும்மா இருப்பானேன் என்று திண்ணையைக் கூட்டினேன். படி ஓரத்தில் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸ். திறந்தால் கொஞ்சம் புளியங்கொட்டை. சிந்தியதை யாரோ பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று மூட்டையில் கவிழ்த்துவிட்டு, டப்பாவைத் துடைத்து ஜன்னலில் வைத்தேன். துடைத்தது வேறு!

பள்ளிக்கூடம் விட்டு வந்த அண்ணன் மகள் டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். சத்தம் வரவில்லை. எட்டு வயசு. அழாமல்தான் கேட்டாள்: "என் தாயக்கொட்டைய யாரு எடுத்தது?"

நான் மூட்டையைக் காட்டினேன். "இவ்ளோ கெடக்கே கண்ணு, உனக்கு எத்தன வேணும்?"

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

கொட்டை தொலைந்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். எந்தக் கொட்டையானால் என்ன என்று நான் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் பீரோவில் அப்பாவின் வாட்ச் ஒன்று ஓடாமல் கிடக்கிறது. அதை யாராவது தூக்கிப் போட்டுவிட்டு, கடையில் புதுசே கிடைக்கிறதே என்று சொன்னால் நான் என்ன ஆவேன்? எனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயம் என்று வைத்திருக்கிறேன். அன்றைக்கு வரை அது எனக்கே தெரியாது.

அவை ஆறு கொட்டைகள். ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டு சிமென்ட் படியில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்த்திருக்கிறாள். உருட்டிப் போட்டு, ஒன்று மட்டும் வெள்ளை காட்டினால் தாயம். கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்ததிலிருந்து, பானையோட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகளைக் கண்ணாடி வழியே எல்லாரும் குனிந்து பார்க்கிறோம். படியில் கிடந்தால் கூட்டித் தள்ளுகிறோம்.

ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் ஒன்று. மணலில் கட்டிய வீட்டைக் காலால் அழித்துவிடாதே என்று சிறுமிகள் பாட்டுடைத் தலைவனிடம் கெஞ்சுகிற இடம். அதற்கும் வெகுகாலம் முன்பே ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம் முழுவதையும் இந்த முறையீட்டுக்கே கொடுத்துவிட்டாள். கண்ணனிடம் அந்தப் பெண்கள் மணலுக்கு விலை சொல்வதில்லை, தாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறார்கள். உலகை அளந்தவனே ஆனாலும் மணல்வீடு என்றால் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் என்றொரு டாக்டர் இருந்தார். வார்சாவில் 1912 முதல் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தியவர். 1942-ல் அந்தப் பிள்ளைகளோடு சேர்த்தே டிரெப்ளிங்கா முகாமில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். கீழே கிடந்து எடுத்த சாமான்களுக்கென்று அவர் விடுதியில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார். எவ்வளவு அற்பமான பொருளானாலும் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்பது அவர் கணக்கு. பிள்ளைகளின் மேசை இழுப்பறையில் இருப்பதைக் குப்பை என்று அடுப்பில் போடுகிற ஆசிரியர்மேல் அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னால் சிரிப்பார். தீப்பெட்டிக்குள் செத்து நாறிய பொன்வண்டை எடுத்துப் போட்டவர் அவர்தானே. எல்லாவற்றையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் அண்ணி அன்றைக்கு மகளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு முருங்கை மரத்தடியில் புதைத்திருக்கிறாள். நான் கேட்கவே இல்லை.

மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டினோம். வந்த வியாபாரி என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, தராசை ஓரமாக வைத்து அவரும் குனிந்தார். வெள்ளை தெரிகிறதா என்று புரட்டிப் புரட்டி, பொழுது சாய்வதற்குள் ஐந்து கிடைத்தது. ஆறாவது கிடைக்கவில்லை.

நான் ஒரு கொட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, அதே படியில் உட்கார்ந்தேன். லேசில் தேயவில்லை, விரல் நுனிதான் சுட்டது. ஒருவழியாக வெள்ளை தெரிந்ததும் அவளிடம் கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மற்ற ஐந்தோடு சேர்த்து உருட்டிப் பார்த்தாள். பிறகு ஐந்தை மட்டும் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ஆறாவதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உன்னுது சித்தப்பா. பத்திரமா வச்சுக்கோ."