விலையும் மதிப்பும்



பாம்பனைக் கடந்து இராமேசுவரம் நோக்கிச் செல்லும் சாலையில் அக்காள்மடம் என்னும் சிற்றூர் உள்ளது, அதனையடுத்துத் தங்கச்சிமடம். வழிநடைப் பயணிகள் இளைப்பாறிச் செல்லும் இடமே மடம். அங்குத் தங்குவோர் எவரும் அதனைத் தமதென்று கருதுவதில்லை. விடிந்ததும் புறப்பட்டு விடுவர். உயிர் இவ்வுடலில் தங்குவதும் அத்தன்மையதே. ஊர்ப்பெயரே நமக்கோர் அறவுரையாக அமைந்துள்ளதன்றோ?

ஆயினும் அவ்வழியே சென்று திரும்பிய நாம், ஒரு முறை அத்தீவிலிருந்து சங்கும் சிப்பியும் கோத்த தோரணம் ஒன்றை வாங்கி வந்து இல்லத்து வாயிலில் தொங்கவிட்டோம். இத்துணை மலிவாகக் கிடைத்ததே என்று மகிழவும் செய்தோம். யாருக்கு மலிவு? மன்னார் வளைகுடாவில் மூழ்குவோர் சங்கினை உயிருடனேயே எடுக்கின்றனர். நமக்கு அணியாகும் அவ்வோடு, ஈரறிவுயிர் ஒன்றின் உடலோடு ஒட்டிய இல்லம். முற்காலத்தில் இக்கடற்சங்குகள் வங்கம் வரை சென்று வளையல்களாயின. கைமாறுந்தோறும் விலை ஏறிற்று. அவ்வுயிர் இழந்தது மட்டும் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை.

அன்றாடப் பொருள்கள் கைமாறுவதையும் மதிப்புப் பெறுவதையும் இக்காலக் கலைஞர் சிலர் தம் படைப்புக்குக் கருவாகக் கொள்கின்றனர். புழங்கு பொருள்களையே ஓரிடத்தில் நிறுவிக் காண்போரைச் சிந்திக்கச் செய்வதால் இதனை நிறுவல் கலை என்பர். பீகாரில் பிறந்த சுபோத் குப்தா, நம் அடுக்களைகளில் உள்ள எவர்சில்வர் பாத்திரங்களைக் கொண்டே 2006ஆம் ஆண்டில் மாபெரும் மண்டையோடு ஒன்றை அமைத்தார். 2008இல் ஆயிரக்கணக்கான பாத்திரங்களை அணுகுண்டுப் புகையின் காளான் வடிவில் குவித்தார். உண்ணும் தட்டும் பருகும் குவளையும் அளவிறந்து குவிந்தால் அழிவின் உருவம் கொள்ளும் என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு காட்டுவது!

இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலன், 2019இல் அமெரிக்காவின் மயாமி பீச் நகரில் வாழைப்பழம் ஒன்றை ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி வைத்தார். அப்படைப்பின் ஒரு படி 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 இலட்சம் டாலருக்கு விற்றது. அன்று ஒட்டப்பட்ட பழத்தைத் தெருவோரப் பழக்கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கினர் என்பது செய்தி. பழம் அழுகும், மாற்றிக்கொள்ளலாம். விலை பெற்றது ஒரு சான்றிதழும், ஒட்டும் முறையைக் கூறும் குறிப்புமே! வாங்கியவர் சில நாள்களில் பழத்தைத் தின்றும் விட்டார்.

கேட்டு வியக்கிறோம் அல்லவா? அவ்வியப்பையே ஆராய்வோம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். அளவுமீறிச் சேர்த்தலும் பேராசையும் மட்டுமன்று, பொருள் கண்டு மிகையாக வியத்தலும் அவற்றுள் ஒன்றாகும். கை தொடாத பொருளையும் மனம் பற்றிக்கொள்ளும். பற்றே பரிக்கிரகம் என்பது நம் ஆசாரியர்களின் முடிபு. பொருளின் விலை சந்தையில் பிறக்கிறது. அதன் சுமையோ நம் உள்ளத்தில் பிறக்கிறது.

நம் இல்லத்துப் பரணை அண்ணாந்து நோக்குவோம். திருமணத்தில் வந்த குடங்களும் அண்டாக்களும் பல்லாண்டுகளாக அங்கேயே உறங்குகின்றன. கொடுத்தவர் பெயர் ஒவ்வொன்றிலும் வெட்டப்பட்டுள்ளது. அவர்களுள் பலர் இன்றில்லை; பெயரும் பாத்திரமும் எஞ்சியுள்ளன. மடத்தில் தங்கியவர் சென்றுவிட்டார். மூட்டை மட்டும் கிடக்கிறது.

ஆதலின், வரும் தசலட்சண பருவத்தில், உத்தம ஆகிஞ்சன்ய நாளன்று குடும்பத்தோடு அமர்ந்து, உள்ள பொருள்களை எழுதுவோம். தேவைக்கு மிஞ்சியதைத் தேவைப்படுவோர்க்கு அளிப்போம். இனி இவ்வளவே என வரையறுத்து விரதம் ஏற்போம்.

அத்தோரணத்தை நாம் கழற்றிவிட்டோம். அதனால் போன உயிர்கள் மீளா என்பதை அறிவோம். பிறருக்கு அளிக்கவும் மனம் ஒப்பவில்லை. ஆசை மற்றொரு வாயிலுக்குச் செல்வதன்றி வேறென்ன பயன்? பேழையில் கிடக்கும் அது, எதனையும் வாங்குமுன் விலையோடு மற்றொன்றையும் வினவுமாறு நமக்கு நினைவூட்டுகிறது: "இதற்காக எவ்வுயிர் எதனை இழந்தது?"

அறம் வளர்க!