உறையாத பாலும் உறங்காத மனச்சாட்சியும்

ஒருவன் இன்னொருவனை அடித்தால் அது தீமை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பது கண்முன்னே தெரிகின்றது. ஆனால் ஆயிரம் பேர் ஆளுக்கொரு துளியாகச் செய்யும் தீமை ஒன்று, பல ஆண்டுகளின் பின் முகந்தெரியாத ஒருவரின் உயிரைப் பறிக்குமானால், அந்தப் பழியை யார் கணக்கில் எழுதுவது? தன் துளி மிகச் சிறிது என்று ஒவ்வொருவரும் கைகழுவிவிடலாமா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்வி, இன்று நமது மாட்டுப்பட்டியிலும் கோழிக்கூட்டிலும் வந்து நிற்கின்றது.

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில்வரை நீளும் கரையோரத்தை எண்ணிப் பாருங்கள். கிழக்கே கடல்; மேற்கே வயல். முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகவும், தமிழர் அவர்களுக்கு அயலவராகவும் வாழும் இவ்வூர்களில் மாடும் எருமையும் ஆடும் கோழியும் வீட்டுப் பொருளாதாரத்தின் தூண்கள். எருமைத் தயிர்ச் சட்டி இல்லாத விருந்து இங்கு குறைவு. இறைச்சிக்கோழி வளர்ப்பு பல இளைஞருக்குப் பிழைப்புத் தருகின்றது. வீட்டுக்கு வீடு பூனை ஒன்று பிள்ளைபோல வளர்கின்றது.

இந்தச் சீவன்களுக்கும் நோய் வரும். கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தால் மடி வீங்கிப் பால் திரியும். மழைக்காலத்தில் தொண்டை அடைப்பான் பரவினால் மாலையில் நின்ற எருமை காலையில் இறந்து கிடக்கவும் கூடும். இவை பற்றீரியாக் கிருமிகளால் வருபவை. இவற்றைக் கொல்வதற்கே பெனிசிலின், ரெற்றாசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் உள்ளன. வாயில்லாச் சீவன் நோவில் துடிக்கையில் மருந்து கொடுப்பது இரக்கம் மாத்திரமன்று, கடமையுமாகும். கேள்வி மருந்தைக் கொடுப்பதா இல்லையா என்பதன்று. எப்படிக் கொடுப்பது என்பதே.

பெனிசிலினை 1928ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே அவர் எச்சரிக்கை ஒன்றை விடுத்தார். கொல்லப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதை எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்பதே அதன் சாரம். காரணம் எளிது. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒன்றிரண்டு மருந்துக்கு அசையாதவையாக இருக்கும். மற்றவை மடிய, அவை மாத்திரம் பிழைத்துப் பெருகும். அதுமட்டுமா? எதிர்க்கும் ஆற்றலை ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்க வல்லது. மாட்டின் கிருமி வேறு, மனிதனின் கிருமி வேறு என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இதை மெய்ப்பித்த ஆய்வொன்று 1976இல் வெளியாயிற்று. அமெரிக்க மருத்துவர் ஸ்டுவர்ட் லெவி, பொஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள பண்ணையொன்றில் கோழித் தீவனத்துடன் ரெற்றாசைக்கிளின் வகை மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சுமார் ஒரு கிழமைக்குள் கோழிகளின் குடலில் அம்மருந்தை எதிர்க்கும் கிருமிகள் நிறைந்துவிட்டன. சில மாதங்களில் அந்த மருந்தைத் தொட்டும் பாராத பண்ணை வீட்டாரின் குடலிலும் அத்தகைய கிருமிகள் பெருகியிருந்தன. மருந்துத் தீவனத்தை நிறுத்திய பின்னரே அவை குறையத் தொடங்கின.

அந்தக் கோழிகளுக்கு நோய் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் கலந்தால் கோழியும் பன்றியும் விரைவாகக் கொழுக்கும் என்பது 1950 அளவில் அமெரிக்காவில் அறியப்பட்டது. அன்றிலிருந்து நோய்க்கென வந்த மருந்து நிறைக்கென விற்கப்பட்டது. மனிதருக்கு வேண்டிய மருந்துகளைக் கொழுக்கவைப்பதற்குப் பயன்படுத்தலாகாது என்று பிரித்தானியாவில் ஸ்வான் குழு 1969இலேயே அறிக்கையிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வழக்கத்தை முற்றாக ஒழிக்க 2006 ஆயிற்று. மனிதருக்குக் கடைசித் துணையாக வைத்திருக்கும் கொலிஸ்ரின் என்ற மருந்தை எதிர்த்து நிற்கும் மரபணு, கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய வடிவில் சீனப் பன்றிகளிலும் மனிதரிலும் காணப்பட்டதாக 2015இல் செய்தி வந்தது. 2019இல் இந்தியா உணவுக்கான விலங்குகளில் அம்மருந்தைத் தடைசெய்தது. அதே 2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அவர்களுள் எவர் எந்தப் பண்ணையின் கிருமியால் இறந்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. மனிதரிடையே மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கும் இதிற் பெரும் பங்குண்டு. பழி சிதறிக் கிடக்கின்றது. ஆனால் மரணம் மெய்யானது.

இனி நம் வாசலுக்கு வருவோம். மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலை, மருந்து உடலைவிட்டுக் கழியும்வரை சில நாட்களுக்கு விற்கலாகாது என்பது மிருக வைத்தியரின் விதி. விற்றால் என்ன ஆகும்? குடிப்பவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. காய்ச்சினாலும் மருந்து முற்றாக அகலாது. ஆனால் தயிர்க்காரருக்குத் தெரியும். மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் அது சரியாக உறைவதில்லை. பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிரே. மருந்து அதையும் கொன்றுவிடுகின்றது. மனிதன் மறைத்ததைச் சட்டி காட்டிக் கொடுக்கின்றது! உறையாத பால் ஒரு மௌன சாட்சி அன்றோ?

எனினும் எல்லாத் தவறுக்கும் இப்படிச் சாட்சி கிடைப்பதில்லை. ஐந்து நாள் மருந்தை மாடு எழுந்து நின்றதும் இரண்டாம் நாளில் நிறுத்துவதற்குச் சாட்சி இல்லை. நோயில்லாத கோழிக்குஞ்சுகளின் தண்ணீரில் “எதற்கும் இருக்கட்டும்” என்று மருந்து கலப்பதற்கும், தனக்கு எழுதிக் கொடுத்த குளிசையில் மிஞ்சியதைப் பூனையின் புண்ணுக்கு நொறுக்கிக் கொடுப்பதற்கும் சாட்சி இல்லை. “என் ஒரு மாட்டினாலா உலகம் கெடப்போகிறது?” என்ற வார்த்தை அங்கே ஆறுதலாக வந்துவிடுகின்றது.

ஆனால் இந்தக் கரையோர விவசாயி இந்த வார்த்தையை வயலில் ஒப்புக்கொள்வாரா? பெரும்போகம் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. எந்த நாளில் விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் தேதிக்குள் மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துவது என்பன அங்கே தீர்மானமாகின்றன. சேனாநாயக்க சமுத்திரத்து நீர் கடற்கரைப் பக்கத்துக் கடைசி வயல்வரை வந்து சேரவேண்டும். மேல்வாய்க்காலில் ஒருவர் இரவில் வரம்பை வெட்டிவிட்டு, “சமுத்திரத்து நீரில் நான் எடுத்தது ஒரு குடமும் இல்லை” என்று சொன்னால் வட்டவிதானையார் விடுவாரா? பொதுவில் உள்ளதில் சிறிது எடுத்தாலும் அது பிறர் பங்கு என்பதை இம்மண் நன்கு அறியும். மருந்தின் ஆற்றலும் அத்தகைய பொதுநீரே. ஒவ்வொரு வீண் ஊசியும் அந்தக் குளத்தின் நீர்மட்டத்தைச் சிறிது இறக்குகின்றது. கடைசி வயலில் நிற்பவர், நாளை வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கப்போகும் ஒரு குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆகவே பழி பங்கிடப்படுவதால் இல்லாமற் போவதில்லை என்பது முதல் உண்மை. ஆனால் இத்துடன் நிறுத்தினால் நாம் அரை நீதியே பேசியவராவோம். ஒரேயொரு கறவை மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் விதவைத் தாயை நினைத்துப் பாருங்கள். சில நாள் பாலை நிலத்தில் ஊற்று என்று அவளுக்கு உபதேசிப்பது எளிது. அந்த நாட்களின் அரிசிக்கு யார் பொறுப்பு? காக்கப்படும் நன்மை எல்லோருக்கும் பொதுவாயின், அதைக் காக்கும் செலவும் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும். வறியவர் மாத்திரம் சுமக்கும் ஒழுக்கம் நெடுநாள் நிலைப்பதில்லை, அது நீதியுமன்று.

எனவே பாலைச் சேகரிக்கும் சங்கங்கள் நோயுற்ற மாட்டின் நாட்களுக்கென ஒரு சிறு நிதியை ஒதுக்கலாம். தீவனமும் மருந்தும் விற்போர், இலாபத்தில் பெரும்பங்கு பெறுவதால் பொறுப்பிலும் பெரும்பங்கு ஏற்கவேண்டும். வைத்தியரின் சீட்டின்றி மருந்து கைமாறுவது ஒழியவேண்டும். அதற்கு வைத்தியர் பட்டிக்கு வந்துசேர வழியும் வேண்டும். குறைந்த விலை ஒன்றையே கேட்கும் நாமும், நேர்மையாக வளர்த்த கோழிக்கும் கறந்த பாலுக்கும் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்க மனங்கொள்ளவேண்டும். ஹலாலான உழைப்பு என்று முஸ்லிம் சகோதரர் சொல்வதும், நேர்மையான சம்பாத்தியம் என்று நாம் சொல்வதும் இந்த இடத்தில் ஒன்றே.

மருந்தே தேவைப்படாமற் செய்வது அதனினும் மேல். தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி உண்டு. அந்நோயை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டவரான எம். சி. எல். டி அல்விஸ், அவர் எழுதிய நூல் 1999இல் அவுஸ்திரேலியாவில் வெளியாயிற்று. மழைக்கு முன் போடும் ஓர் ஊசி, மழையில் போடும் பத்து ஊசிகளை மிச்சப்படுத்தும். கறக்குமுன் கழுவிய கையும், உலர்ந்த தொழுவமும், காற்றோட்டமுள்ள கூடும் அதே பணியைச் செய்கின்றன.

நமக்கு முன்னிருந்தோர் பெனிசிலின் இல்லாமல் ஒரு கீறற் காயத்துக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். நாம் அந்த மருந்தைப் பெற்ற தலைமுறையினர். பெற்றதைக் குறைவின்றிக் கையளிப்பதா, வெறும் பெயரை மாத்திரம் விட்டுச்செல்வதா என்பதை நாளைக் காலையில் பால் வாளியைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும், அந்தப் பாலை விலைபேசும் ஒவ்வொருவரும் சேர்ந்தே தீர்மானிக்கவேண்டும்.