பானெட்டைத் திறந்து காட்டுவீர்களா?

உங்களுக்கு கார் ரேஸில் ஆர்வம் இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். விதிப்புத்தகத்தில் 'செய்யாதே' என்று எழுதாத ஒரு காரியத்தைச் செய்து ஜெயிப்பவன் கெட்டிக்காரனா, களவாணியா?

'அதான் எழுதலையே சார், அப்புறம் என்ன?' என்று ஒரு கட்சி. 'எழுதலேன்னா? மனசாட்சின்னு ஒண்ணு கிடையாதா?' என்று எதிர்க்கட்சி. வரி கட்டுகிறவர்கள், வரி ஆலோசகர்கள், வக்கீல்கள், பக்கத்து மனை காலியாக இருக்கிறதே என்று காம்பவுண்டுச் சுவரை அரையடி தள்ளிக் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தினசரி வருகிற கேள்விதான். ஆனால் இதைக் கலப்படமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் அமெச்சூர் கார் பந்தயத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே பரிசுப் பணம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் கிடையாது. சொந்தக் காசைப் போட்டு, வார இறுதித் தூக்கத்தைத் தொலைத்து, கையெல்லாம் கிரீஸாகி, கடைசியில் கிடைப்பது ஷோகேஸில் வைக்க ஒரு கோப்பை. அதற்காகவும் மனுஷன் ஏமாற்றுவானா? ஏமாற்றுகிறான்.

முதலில் கொஞ்சம் தொழில் விவரம். பந்தயத்துக்குப் புதிதாக வருகிறவர் ஒரு காரின் மேல் காதல் கொண்டு, அதை வாங்கி, ஆறு மாதம் செதுக்கி, அதன் பிறகுதான் 'இது எந்தப் பிரிவில் ஓடும்?' என்று விசாரிப்பார். ஊறினவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். பக்கத்துப் பந்தயத் தடத்தில் எந்தப் பிரிவில் நிறைய வண்டிகள் வருகின்றன என்று பார்த்து, அந்தப் பிரிவுக்கு என்று ஏற்கெனவே ஒருத்தர் கட்டி வைத்த காரை வாங்குவார்கள். ரேஸ் காருக்குப் போட்ட காசைத் திரும்ப எடுத்தவர் யாருமில்லை. அந்த நஷ்டம் முதல் சொந்தக்காரருடையதாகவே இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்!

அமெரிக்காவில் இப்படிப் பலர் போய்ச் சேருகிற இடம் 'ஸ்பெக் மியாட்டா' என்ற பிரிவு. மாஸ்டா கம்பெனி 1989-ல் கொண்டுவந்த, இரண்டு பேர் உட்காருகிற குட்டி ஸ்போர்ட்ஸ் கார்தான் மியாட்டா. முதல் மாடலில் 1.6 லிட்டர் என்ஜின், 116 குதிரைசக்தி, சுமார் ஒரு டன் எடை. ஏ.சி., தரைவிரிப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உருண்டாலும் தலை நசுங்காதபடி உள்ளே இரும்புக் கூண்டு பற்றவைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரே ஷாக் அப்சார்பர், ஒரே வகை டயர். ஓட்டுகிறவரையும் சேர்த்து எடை போடுவார்கள். ஒல்லியானவர் ஈயக் கட்டியை போல்ட் போட்டு ஈடுகட்ட வேண்டியதுதான். நோக்கம் எளிது. ஜெயிப்பது கையாக இருக்கட்டும், பர்ஸாக இருக்க வேண்டாம்.

இப்படி எல்லாரையும் சமமாக்கிவிட்டால் தில்லுமுல்லு குறைந்துவிடும் என்று தோன்றுகிறதா? நடப்பது நேர்மாறு. காருக்குக் கார் ஐம்பது குதிரைசக்தி வித்தியாசம் இருக்கும்போது இரண்டு குதிரையைத் திருடி என்ன பிரயோஜனம்? எல்லாரும் ஒரே மாதிரி இருக்கும்போதுதான் அந்த இரண்டு குதிரை தங்கமாகிறது. சமத்துவம் என்பது திருட்டின் விலையை ஏற்றிவிடுகிற சமாசாரம். 2014-ல் கலிஃபோர்னியாவின் லகுனா சேக்கா தடத்தில் நடந்த தேசிய அமெச்சூர் இறுதிப் பந்தயத்தில், முடிந்த பிறகு என்ஜின்களின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். காற்று உள்ளே போகும் வழியில், விதி அனுமதிக்காத வகையில் உலோகத்தைச் சீவியிருந்தார்கள். ஸ்பெக் மியாட்டாவில் முன்னணியில் வந்த பலர் தகுதி இழந்தார்கள்.

இங்கே ஒரு சங்கடம். இந்தப் பிரிவின் முன்னணிக்காரர்கள் பலர் என்ஜினைத் தாங்களே கட்டுவதில்லை. அதற்கென்று இருக்கிற கடைகளில் கட்டி வாங்குகிறார்கள். 'எனக்குத் தெரியாது, கடைக்காரர் செஞ்சது' என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடையை ஏன் தேடிப் போனீர்கள்? அங்கே கட்டின என்ஜின் ஜெயிக்கிறது என்பதால்தானே? எப்படி ஜெயிக்கிறது என்று கேட்காமலிருப்பது அறியாமை இல்லை. அது ஒரு வசதி.

இப்போது கேள்வியின் கஷ்டமான பாதி. எழுதப்பட்ட விதியை மீறினவனை விடுங்கள். எழுதாததைச் செய்தவன்?

இங்கிலாந்து, 1951. யுத்தம் முடிந்தும் கஷ்டம் தீராத காலம். பெட்ரோல் ரேஷன் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பணமில்லாதவர்களும் பந்தயம் ஓட்டலாம் என்று '750 மோட்டார் கிளப்' ஒரு பிரிவு வைத்திருந்தது. 1922 முதல் 1939 வரை தயாரான ஆஸ்டின் செவன் என்ற 747 சி.சி. பழைய காரை அடிப்படையாக வைத்து அவரவர் கைப்பட ஒரு ரேஸ் கார் கட்டிக்கொண்டு வர வேண்டும். காலின் சாப்மன் என்கிற 23 வயசுப் பையன் ஒன்று கட்டிக்கொண்டு வந்தான். சிவில் என்ஜினீயரிங் படித்தவன். அதற்கு மூன்று வருஷம் முன்பு காதலி வீட்டுப் பின்புற ஷெட்டில் முதல் காரைக் கட்ட ஆரம்பித்தவன். பிற்பாடு லோட்டஸ் கம்பெனி என்று உலகமே சொன்னது இவனைத்தான்.

ஆஸ்டின் செவன் என்ஜினில் சிலிண்டர் நான்கு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போக வாசல் இரண்டே இரண்டு. ஒருத்தன் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் பக்கத்து சிலிண்டர் இழுக்க ஆரம்பித்துவிடும். ஒரே தண்ணீர்க் குழாயில் இரண்டு குடித்தனம் மோட்டார் போட்ட கதை. சாப்மன் என்ன செய்தான்? வாசலுக்கு நடுவில் தடுப்பு வைத்து, இரண்டு வாசலை நான்காக்கிவிட்டான். என்ஜின் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டது. அந்த வருஷம் அந்தப் பிரிவில் அவன் கார் மற்றவர்களை ஓட ஓட விரட்டியது. இதைச் செய்யக் கூடாது என்று புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. அடுத்த பருவத்துக்கு கிளப் அந்த வரியை எழுதிச் சேர்த்தது.

யார் சரி? என் கட்சி: இரண்டு பேரும். அவன் செய்ததில் தப்பில்லை. காசைக் கொட்டவில்லை, மூளையைக் கொட்டினான். ஏழைகளின் பந்தயத்தில் அதற்குக்கூட அனுமதி இல்லையென்றால் எதற்குத்தான் அனுமதி? தடை செய்த கிளப்பும் சரி. விட்டிருந்தால் அடுத்த வருஷம் ஒவ்வொருவரும் அதே வேலையைச் செய்தாக வேண்டும், பழைய கார் வைத்திருப்பவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாங்கிய கோப்பைகள் அவனுக்கு, இனிமேல் கூடாது. விதியும் சாமர்த்தியமும் இப்படி மாற்றி மாற்றிக் காய் நகர்த்துவதுதான் ஆட்டமே.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1957-ல் சாப்மன் 'லோட்டஸ் செவன்' என்ற சின்ன காரை உதிரி பாகங்களாக விற்றார். முழுக் காருக்கு வரி உண்டு, உதிரி பாகங்களுக்கு இல்லை. பூட்டும் விதத்தைச் சொல்லும் புத்தகம் கொடுத்தால் வரிக்காரர் பிடிப்பார் என்று, கழற்றும் விதத்தைச் சொல்லும் புத்தகம் கொடுத்தார்களாம். கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் கார் ரெடி! இதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கும் சிரிப்பு வருகிறது.

அடுத்ததற்கு வரவில்லை. 1970-களின் இறுதியில், பெல்ஃபாஸ்ட் அருகே தொழிற்சாலை வைக்க டெலோரியன் கம்பெனிக்கு பிரிட்டிஷ் அரசு மக்கள் பணத்தை அள்ளிக் கொடுத்தது. காரை உருவாக்கும் வேலை லோட்டஸுக்கு. அதற்கான பணத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல், பனாமாவில் பதிவான, ஜெனீவா விலாசம் போட்ட ஒரு கம்பெனி வழியாகப் போய்க் காணாமல் போனது. விசாரணை சூடு பிடிக்கும் முன்பே, 1982 டிசம்பரில் மாரடைப்பில் சாப்மன் இறந்துவிட்டார். அவருடைய நிதி அதிகாரிக்கு 1992-ல் சிறை. சாப்மன் உயிரோடு கூண்டில் நின்றிருந்தால் குறைந்தது பத்து வருஷம் கிடைத்திருக்கும் என்ற பொருள்பட நீதிபதி சொன்னார்.

'பாத்தீங்களா, சின்ன ஓட்டையில நுழைஞ்சவன் பெரிய ஓட்டைக்குப் போய்ட்டான்' என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். அப்படியென்றால் வரி ஆலோசகர் எல்லாரும் கடைசியில் ஜெயிலில்தான் இருக்க வேண்டும். எனக்குப் படுகிற வித்தியாசம் வேறு. 1951-ல் செய்த வேலையைத் தோற்றவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது. பார்த்ததால்தான் தடையே வந்தது. உதிரி பாகக் காரும் வரிக்காரர் கண்ணெதிரேதான் விற்பனையானது. ஜெனீவா பணத்துக்கு பானெட்டே கிடையாது. அங்கே மூளை முழுவதும், யாரும் திறந்து பார்க்காமலிருக்க என்ன வழி என்பதில் செலவானது.

இந்தத் திறந்து காட்டும் நேர்மையை விதியாகவே வைத்திருக்கிறார்கள் சிலர். அமெரிக்க மண் தடங்களில் ஓடும் சில பிரிவுகளில், பந்தயம் முடிந்ததும் தோற்றவர் ஒரு நிர்ணயத் தொகையை நீட்டி ஜெயித்தவரின் என்ஜினையே வாங்கிக்கொண்டு போகலாம். தர மாட்டேன் என்றால் பரிசு போச்சு. நம் வீடுகளில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மாம்பழம் என்றால், ஒருத்தன் வெட்டு, இன்னொருத்தன் முதலில் எடு என்று அம்மா சொல்வாளே, அதேதான். என்ஜினுக்குள் லட்ச லட்சமாகக் கொட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

நம் ஊரிலும் இந்த சமத்துவக் கனவு கண்டவர் உண்டு. கோவை கரிவரதன். ரோட்டில் ஓடுகிற மாருதி 800-ன் என்ஜினையே எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். எல்லாருக்கும் ஒரே என்ஜின். 'ஃபார்முலா மாருதி'யில் ஓட்டிப் பழகியவர்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். கோவைக்குப் பக்கத்துப் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது.

இவ்வளவு படித்த பிறகும் ஒரு பழைய ரேஸ் கார் வாங்கலாம் என்ற ஆசை உங்களுக்கு மிச்சமிருந்தால், பெயின்ட்டையும் கோப்பைகளையும் பார்க்காதீர்கள். கூண்டின் வெல்டிங்கைப் பாருங்கள். பிறகு விற்கிறவரிடம் 'ஹெட்டைக் கழற்றிப் பாக்கலாமா?' என்று கேளுங்கள். 'தாராளமா' என்று அவரே ஸ்பானரை எடுத்து நீட்டினால் விலை பேசலாம். 'எதுக்கு சார், நல்லா ஓடற என்ஜினை…' என்று ஆரம்பித்தால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.